சித்தியின் தீப்பெட்டி

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போன் போடுவது எங்கள் வீட்டில் ஒரு சடங்கு. இங்கே மெல்போர்னில் மதியச் சாப்பாடு முடிகிற நேரம் திருவனந்தபுரத்தில் காலைக் காபி முடிந்திருக்கும். அப்பா வேலைக்காக நாகர்கோவில் பக்கத்திலிருந்து கரமனைக்கு வந்தவர். (1956 வரைக்கும் இரண்டும் ஒரே மாநிலம்தானே!) இப்போது அந்தத் தெருவில் மிச்சம் இருப்பது சித்தியும் சித்தப்பாவும்தான்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தி திடீரென்று குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "மக்ளே, தோலுக்கு அடியில என்னமோ ஊருது பாத்துக்கோ. ராத்திரி ஆனா கடிக்கவும் செய்யுது."

விசாரித்தால், மூன்று மாதமாக இந்தக் கூத்து. வேப்பிலை அரைத்துப் பூசியாயிற்று. டெட்டால் ஊற்றிக் குளித்தாயிற்று. மெத்தையைக் கொல்லையில் போட்டுக் கொளுத்தியாயிற்று. பூச்சி மருந்து அடிக்கிறவன் இரண்டு தடவை வந்து போய்விட்டான். போதாக்குறைக்கு, உடம்பிலிருந்து எடுத்ததையெல்லாம் ஒரு தீப்பெட்டியில் போட்டு பத்திரமாக வைத்திருக்கிறாளாம், டாக்டரிடம் காட்ட.

நான் என்ன செய்தேன்? படித்தவன் இல்லையா! "பூச்சியெல்லாம் ஒண்ணும் இருக்காது சித்தி, சும்மா மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்றேன். அடுத்த இரண்டு ஞாயிறும் சித்தி போனுக்கு வரவில்லை. "கோயிலுக்குப் போயிருக்கா" என்றார் சித்தப்பா.

அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் இதைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்த பிறகு, நான் சொன்ன அந்த ஒரு வாக்கியத்துக்கு எவ்வளவு நீண்ட சரித்திரம் இருக்கிறது என்று தெரிந்தது.

முதலில் வார்த்தையைப் பார்ப்போம். நாம் "எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு" என்கிறோம். மேல்நாட்டு மருத்துவத்தில் இந்த உணர்வுக்குப் பெயர் ஃபார்மிகேஷன். ஃபார்மிகா என்றால் லத்தீனில் எறும்பு. நம் சரக சம்ஹிதையும் இருபது வகைக் கிருமிகளைச் சொல்லும்போது, உடம்பின் வெளியே இருப்பவையாக இரண்டைச் சொல்கிறது: யூகா, பிபீலிகா. யூகா என்றால் பேன். பிபீலிகா? அதுவும் எறும்பின் பெயர்தான்! ரோமானியனுக்கும் சரகருக்கும் என் சித்திக்கும் தோலில் நடந்தது ஒரே பிராணி என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

சரி, நிஜமாகவே பூச்சி இருந்தால்?

இருந்தது. ஆனால் பெரிய மனிதர்கள் நம்பவில்லை. சொறி சிரங்கு விஷயத்தில் நடந்த கதை இது. 1687ல் இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்தில் போனோமோ என்ற மருத்துவரும் செஸ்டோனி என்ற மருந்துக் கடைக்காரரும் ஒன்றைக் கவனித்தார்கள். சொறி பிடித்த பிள்ளைகளின் தோலிலிருந்து ஏழைப் பெண்கள் ஊசி முனையால் எதையோ குத்தி எடுத்துக் கொண்டிருந்தார்கள். வாங்கி மைக்ரோஸ்கோப்பில் வைத்தால், கால் முளைத்த ஒரு குட்டி ஜந்து! வரைந்து, எழுதி, ரெடி என்ற அறிஞருக்குக் கடிதமாக அனுப்பினார்கள். ஒரு நோய்க்கு இன்ன உயிர்தான் காரணம் என்று கண்டு சொன்ன ஆரம்ப காலச் சான்றுகளில் அது ஒன்று. ஆனால் மருத்துவ உலகம் அதை ஓரம் கட்டிவிட்டது. ரத்தம் கெட்டுப் போனதால் வருவது சொறி என்பதுதான் பண்டிதர்களின் கட்சி.

அதைவிடப் பெரிய வேடிக்கை பாரிஸில். 1812ல் காலே என்ற ஆசாமி சொறிப் பூச்சியைக் கண்டுபிடித்துவிட்டதாகக் காட்டினார். மற்றவர்கள் தேடினால் கிடைக்கவே இல்லை. கடைசியில் 1829ல் ராஸ்பை என்பவர், காலே காட்டியது பாலாடைக்கட்டியில் இருக்கும் பூச்சி என்று போட்டு உடைத்தார். "பார்த்தீர்களா, பூச்சியே கிடையாது" என்று பண்டிதர்களுக்கு இன்னும் வசதியாகப் போயிற்று. 1834 ஆகஸ்டில் ரெனூச்சி என்ற கோர்சிகா தீவு மாணவன், செயின்ட் லூயி ஆஸ்பத்திரியில் எல்லோர் முன்னாலும் ஒரு ஊசியால் பூச்சியை எடுத்துக் காட்டினான். எங்கே கற்றான்? அவன் ஊர்ப் பெண்கள் செய்வதைப் பார்த்துத்தான். டாக்டர்கள் கொப்புளத்துக்குள் தேடிக் கொண்டிருந்தார்கள். பூச்சியோ கொப்புளத்தில் இல்லை, அது தோலுக்குள் குடைந்த சின்னச் சுரங்கத்தின் கடைசியில் இருந்தது!

ஆக, 1687லிருந்து 1834 வரை, சுமார் 150 வருடம், "பூச்சி இருக்கு" என்று சொன்ன பெண்கள் சரி, "இல்லை" என்ற பண்டிதர்கள் தப்பு.

இன்னொரு செய்தி. இரண்டாம் உலகப்போர் காலத்தில் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில் கென்னத் மெலன்பி என்பவர், போருக்குப் போக மறுத்த தொண்டர்களை வைத்துச் சொறியை ஆராய்ந்தார். ஒரு நோயாளியின் உடம்பு முழுக்கச் சேர்த்தால்கூட சராசரியாகப் பத்துப் பன்னிரண்டு பெண் பூச்சிகள்தான் இருந்தன. அவசரமாகப் பார்த்தால் கண்ணில் படாது. முதல் தடவை தொற்றினால் அரிப்பு வரவே ஏறக்குறைய ஒரு மாதம் ஆகிறது. மருந்து போட்டுப் பூச்சி செத்த பிறகும் சில வாரம் அரிப்பு இருக்கும் என்பதையும் சேர்த்துக் கொள்ளுங்கள். "இன்னும் ஊருதே, சாகலியே" என்ற பயம் பல பேருக்குத் தொடங்குவது அந்தச் சில வாரத்தில்தான்.

இது நாணயத்தின் ஒரு பக்கம். மறுபக்கம் பார்ப்போம்.

1894ல் ஜார்ஜ் திபியெர்ஜ் என்ற பிரெஞ்சுத் தோல் மருத்துவர், பூச்சியே இல்லாமல் பூச்சி இருப்பதாக உறுதியாக நம்பும் நோயாளிகளைப் பற்றி எழுதினார். 1938ல் கார்ல் ஆக்செல் எக்போம் என்ற சுவீடன் நரம்பியல் மருத்துவர் இதை விரிவாக விவரித்தார். அவர் பார்த்தவர்களில் பெரும்பாலும் ஐம்பது வயது தாண்டிய பெண்கள். யார் என்ன சொன்னாலும் நம்பிக்கை அசையாது. தோலைச் சுரண்டிப் புண்ணாக்கிக் கொள்வார்கள். செதிலையும் நூலையும் சேர்த்துக் கொண்டு வருவார்கள். எதில் தெரியுமா? தீப்பெட்டியில்! 1983ல் லான்செட் இதழ் இதற்கு 'தீப்பெட்டி அடையாளம்' என்றே பெயர் வைத்து எழுதியது. அதைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கரமனைச் சமையலறைத் தீப்பெட்டிக்கு மருத்துவப் புத்தகத்தில் ஒரு இடம்.

ஆனால் எக்போமின் கதை அதோடு முடியவில்லை. அதே மனிதர்தான் 1945ல், ராத்திரி படுத்தால் காலுக்குள் ஏதோ ஊர்ந்து, அசைத்தே தீர வேண்டும் என்று படுத்தும் 'ஓய்வில்லாக் கால்' தொல்லையையும் விவரித்தார். (1672லேயே தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கில மருத்துவர் இதை எழுதியிருக்கிறார்.) அது மனப்பிரமை இல்லை, நரம்பு சம்பந்தப்பட்டது. இரும்புச்சத்துக் குறைவுகூட ஒரு காரணம் என்று இன்று தெரியும். ஒன்று மனதின் பக்கம், மற்றொன்று நரம்பின் பக்கம். இரண்டுக்குமே எக்போம் பெயர் உண்டு. நோயாளி சொல்வதோ இரண்டிலும் ஒன்றுதான்: "என்னமோ ஊருது டாக்டர்."

நம் காலத்துக் கதையும் உண்டு. 2002ல் அமெரிக்காவில் ஒரு தாய், தன் குழந்தையின் தோலில் நூல் நூலாக ஏதோ வருகிறது என்று சொல்லி, 17ம் நூற்றாண்டு எழுத்தாளர் தாமஸ் பிரவுனின் ஒரு கடிதத்திலிருந்து 'மார்கெல்லன்ஸ்' என்ற பெயரை எடுத்து வைத்தார். ஆயிரக்கணக்கானோர் தங்களுக்கும் அதுவே என்றார்கள். அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் வடக்குக் கலிஃபோர்னியாவில் 115 பேரை வைத்து ஆராய்ந்து 2012ல் முடிவை வெளியிட்டது. கிருமி எதுவும் கிடைக்கவில்லை. எடுத்த நூல்களில் பெரும்பாலானவை துணியின் பருத்தி இழை. ஆனால் அதே அறிக்கை இன்னொன்றும் சொன்னது: இவர்களின் அன்றாட வாழ்க்கை உண்மையிலேயே மிகவும் பாதிக்கப்பட்டிருக்கிறது. பூச்சி இல்லை, வேதனை இருக்கிறது. இந்த இரண்டும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பதுதான் என் மண்டையில் ஏறாமல் இருந்தது.

சரி, திருவனந்தபுரத்துக்குத் திரும்புவோம். சித்தி ஏன் மூன்று மாதம் யாரிடமும் சொல்லவில்லை? காரணம் ஒரே வார்த்தை. ஊளம்பாறை.

சென்னைக்காரர்களுக்குக் கீழ்ப்பாக்கம் எப்படியோ, திருவனந்தபுரத்துக்காரர்களுக்கு ஊளம்பாறை அப்படி. அந்த இடத்தின் பெயரே 1870ல் தொடங்கிய மனநல மருத்துவமனையின் பெயராகி, பள்ளிக்கூடத்தில் நாங்கள் ஒருவரை ஒருவர் கேலி செய்யும் வசவாகவும் ஆகிவிட்டது. பலருக்குத் தெரியாத ஒன்று: 1934ல் நூறநாட்டுக்கு மாற்றும்வரை, தொழுநோயாளிகளை வைத்திருந்த இடமும் ஊளம்பாறையில்தான் இருந்தது. தோல் மரத்துப் போனவர்களும் மனம் கலங்கியவர்களும் ஊருக்கு வெளியே ஒரே பெயருக்குக் கீழ். தோலில் ஏதாவது என்றாலும் அவமானம், மனதில் ஏதாவது என்றாலும் அவமானம். சித்தியின் தொல்லை இரண்டுக்கும் நடுவில் வந்து மாட்டிக் கொண்டது. ஒருநாள் கோபத்தில் சித்தப்பாவே "உன்னை ஊளம்பாறைலதான் கொண்டு விடணும்" என்று சொல்லியிருக்கிறார். அப்புறம் எந்தப் பெண் வாயைத் திறப்பாள்?

எங்கள் அதிர்ஷ்டம், நாலாவதாகப் போன தோல் டாக்டர் ஒரு பொறுமைசாலி. முந்தின மூன்று பேர் தீப்பெட்டியைத் திறக்கவே இல்லை. இவர் திறந்தார். லென்ஸ் வைத்துப் பார்த்தார். விரல் இடுக்கு, மணிக்கட்டு எல்லாம் பார்த்தார். வீட்டில் புறா கூடு கட்டியிருக்கிறதா (பறவை உண்ணியும் கடிக்கும்) என்று கேட்டார். பிறகு சொன்னாராம்: "அம்மா, இதில் பூச்சி தெரியவில்லை. ஆனால் உங்களுக்கு ஊர்கிறது என்பது உண்மை. ஏன் என்று பார்ப்போம்."

ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். சர்க்கரை, தைராய்டு, இரும்புச்சத்து, கிட்னி, ஈரல், பி12. சித்திக்குப் பன்னிரண்டு வருடச் சர்க்கரை. அத்தனை வருடமும் மெட்ஃபார்மின். சாப்பாடு சுத்த சைவம். பி12 தரையில் கிடந்தது. மெட்ஃபார்மினை நீண்ட நாள் சாப்பிட்டால் பி12 உடம்பில் சேர்வது குறையும். சர்க்கரையும் பி12 குறைவும் தனித்தனியாகவே நரம்பைக் கெடுக்கும். கெட்ட நரம்பு பொய்ச் செய்தி அனுப்பும்: எரியுது, குத்துது, ஊருது, கடிக்குது. மூளை பாவம், வந்த தந்தியைப் படிக்கிறது, அவ்வளவுதான். 2023ல் வந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வில் கேரளத்தில் பெரியவர்களில் 25.5 சதவீதம் பேருக்குச் சர்க்கரை. நாலு பேரில் ஒருவர்! சரகர் அன்றே நீரிழிவின் முன்னறிகுறிகளில், உடம்பையும் சிறுநீரையும் எறும்பு மொய்ப்பதோடு, கை கால் மரத்துப் போவதையும் எரிவதையும் சேர்த்திருக்கிறார்.

பி12 ஊசி போட்டார்கள். ஆறேழு வாரத்தில் ராத்திரித் தூக்கம் வந்தது. முழுக்கப் போய்விட்டதா? இல்லை. சாயங்காலம் கொஞ்சம் ஊர்கிறது என்கிறாள். பூச்சி என்ற எண்ணமும் முழுசாகப் போகவில்லை. அதற்கு அந்த டாக்டர், தன் கூடவே ஒரு மனநல மருத்துவரையும் பார்க்கச் சொன்னார். "உங்களுக்குப் பைத்தியம்" என்று சொல்லவில்லை. "மூணு மாசம் தூங்காத உடம்பு, அந்த அலைச்சலைக் குறைக்க ஒரு மருந்து இருக்கு" என்றார். 1970களில் பிமோசைட் என்ற மாத்திரையில் ஆரம்பித்து, இன்று அதைவிடப் பாதுகாப்பான மருந்துகள் சிறிய அளவில் கொடுக்கிறார்கள். பலருக்குப் பலன் இருக்கிறது. சித்தியும் போனாள். வாசல் தாண்டியதும் பூமி பிளக்கவில்லை :-)

நம்மைப் போல தூரத்தில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். அம்மாவோ மாமியாரோ போனில் "என்னமோ ஊருது" என்றால், "பூச்சி இல்லை" என்று வாதாடாதீர்கள். "ஆமாம், இருக்கும்" என்று தலையாட்டவும் வேண்டாம். முதல் வழியில் அவர்கள் வாயை மூடிக் கொள்வார்கள், இரண்டாவது வழியில் மெத்தை எரியும். "ராத்திரி தூங்கினீங்களா? எந்த நேரத்துல ஜாஸ்தி? என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்று கேளுங்கள். மண்ணெண்ணெயும் பூச்சி மருந்தும் தோலில் படாமல் பார்த்துக் கொள்ளச் சொல்லுங்கள். டாக்டர் மாற்றி டாக்டர் ஓடாமல், பொறுமையாகக் கேட்கும் ஒருவரிடம் நிலையாகப் போகச் சொல்லுங்கள்.

போன ஞாயிறு சித்தியிடம் மன்னிப்புக் கேட்டேன். "நீ என்ன செய்வ மக்ளே, தூரத்துல இருக்க" என்றாள். அந்தத் தீப்பெட்டி என்னாச்சு என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை.

"இருக்கு. ஆனா இப்போ ரெண்டு வாரமா அதுல புதுசா ஒண்ணும் போடல."

டிஸ்கி: நான் கம்ப்யூட்டர் பெட்டி தட்டுகிறவன், டாக்டர் இல்லை. மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். பி12 பார்க்கலாமா என்று உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், அது போதும்.