ஐ.டி-யில் இருந்து வங்கிக்கு... பங்குச்சந்தையில் பணம் எப்படி இடம் மாறுது?

'சந்தை செம ஏற்றம்'னு செய்தி வரும். ஆப்பைத் திறந்தா, நீங்க வாங்கின பங்கு மட்டும் சிவப்பில் நிற்கும். ஏன்? எல்லாத் துறைகளும் ஒரே நேரத்தில் ஏறுவதில்லை. ஒரு துறையின் வேகம் குறைந்தால், டிரேடர்கள் லாபத்தை எடுத்துக்கொண்டு வேகமெடுக்கும் துறைக்குப் போவார்கள். இதுதான் 'செக்டார் ரொட்டேஷன்'.

2022-ல் என்ன நடந்தது?

கொரோனா காலத்தில் நிறுவனங்கள் டிஜிட்டலுக்கு மாற, நிஃப்டி ஐ.டி குறியீடு 2020, 2021 இரண்டு வருடங்களிலும் 50 சதவிகிதத்துக்கு மேல் ஏறியது. 2022-ல் அமெரிக்காவில் விலைவாசி எகிறி, வட்டி உயர்ந்தது. அமெரிக்க வாடிக்கையாளர்களை நம்பியிருக்கும் நம்ம ஐ.டி பங்குகளை விற்றுத் தள்ளினார்கள். குறியீடு சுமார் 26 சதவிகிதம் சரிந்தது.

அதே வருடம் இங்கே ரிசர்வ் வங்கியும் ரெப்போ விகிதத்தை 4-லிருந்து 6.25 சதவிகிதமாக உயர்த்தியது. வங்கிகளுக்குக் கடன் மூலம் வரும் வருமானம் கூடியது, வாராக்கடனும் குறைந்தது. பொதுத்துறை வங்கிக் குறியீடு சுமார் 70 சதவிகிதம் ஏறியது.

எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க?

துறைக் குறியீட்டை நிஃப்டி 50-ஆல் வகுத்து, வரைபடமாகப் பார்ப்பார்கள். கோடு மேலே போனால், அந்தத் துறை சந்தையை முந்துகிறது. கீழே வந்தால், பின்தங்குகிறது. ஏற்றம் இருக்கும்போதே அதன் வேகம் குறைகிறதா என்பதையும் கவனிப்பார்கள். பலர் வெளியேறத் தொடங்குவது அந்த இடத்தில்தான்.

நீங்க கவனிக்க வேண்டியது

'ரெண்டு வருஷமா பறக்குதே'ன்னு 2021 முடிவில் 1 லட்சம் ரூபாயை ஐ.டி குறியீட்டில் போட்டிருந்தால், ஒரே வருடத்தில் அது சுமார் 74,000 ஆகியிருக்கும். போட்ட பணத்தை மீட்கவே 35 சதவிகிதம் ஏற வேண்டும். போன வருட டாப் லிஸ்ட்டைப் பார்த்து வாங்குவதில் இருக்கிற ஆபத்து இதுதான்.

அடிக்கடி மாறினாலும் செலவுதான். பங்கை 12 மாதங்களுக்குள் விற்றால், இப்போதைய விதிப்படி லாபத்தில் 20 சதவிகிதம் வரி. புரோக்கரேஜ் தனி.

தினமும் சார்ட் பார்க்க நேரமில்லையா? நிஃப்டி 50 போன்ற இண்டெக்ஸ் ஃபண்டில் ஐ.டி, வங்கி, மருந்து எனப் பல துறைகள் இருக்கும். பணம் இந்தத் துறைகளில் எதற்கு மாறினாலும், அங்கே உங்களுக்கும் ஒரு பங்கு இருக்கும். துறை சார்ந்த ஃபண்டு வேணும்னா, சரிந்தாலும் தூக்கம் கெடாத அளவுக்கு மட்டும் போடுங்க!