ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரமும் நான்கு சக்கர இயக்க ஊர்திகளும்

நான்கு சக்கர இயக்க ஊர்தி என்பது எஞ்சினின் ஆற்றல் முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் ஒருசேரச் செல்லும்படி அமைக்கப்பட்ட மோட்டார் வாகனமாகும். தமிழ்நாட்டுப் பேச்சு வழக்கில் இது பொதுவாக 'ஜீப்' எனப்படுகிறது. ஆனால் அப்பெயர் வண்டியின் உருவத்தைக் குறிக்கிறதே தவிர அதன் இயக்க முறையைக் குறிப்பதில்லை. ஜீப் எனப்படும் வண்டிகளில் பல, பின்சக்கரங்களால் மட்டுமே இயங்குபவை.

விருதுநகர் மாவட்டத்தின் மேற்கு எல்லையில் அமைந்துள்ள ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதியில் கரிசல் மண், மணல் ஓடை, பாறைச் சரிவு ஆகிய மூன்றும் குறுகிய தொலைவுக்குள் அமைந்துள்ளன. ஓர் ஊர்தி ஒருவகைத் தரையில் சிறப்பாகச் செல்வதும் மற்றொரு வகையில் திணறுவதும் ஏன் என்பதை விளங்கிக்கொள்ள இந்நிலப்பரப்பு உதவுகிறது.

நிலத்தின் இயல்பு

இரு நகரங்களும் மதுரை - கொல்லம் தேசிய நெடுஞ்சாலையில் அமைந்துள்ளன. மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை சுவர்போல் எழுகிறது. இவ்விரு ஊர்களிலிருந்தும் மலையைக் கடந்து கேரளத்துக்குச் செல்லும் வாகனச் சாலை இல்லை. அதற்கு வடக்கே குமுளிக்கோ தெற்கே செங்கோட்டைக்கோ செல்ல வேண்டும்.

நகரங்களுக்குக் கிழக்கே செல்லச் செல்லக் கரிசல் நிலம் மிகுகிறது. நீரை உறிஞ்சி வீங்கும் களிமண் நிறைந்த இம்மண், கோடையில் வெடிப்பு விட்டு இறுகிக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சக்கரங்களில் அப்பிக்கொள்ளும். மலையடிவாரத்தில் செம்மண் தோப்புகளும், மலையிலிருந்து இறங்கும் மணலும் உருண்டைக் கற்களும் நிறைந்த ஓடைகளும் உள்ளன. ராஜபாளையத்துக்கு மேற்கே அய்யனார் கோவில் ஆறும், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே செண்பகத்தோப்பும் இத்தகைய இடங்கள். அவற்றுக்கு அப்பால் செங்குத்தான பாறைச் சரிவு தொடங்குகிறது.

மோட்டார் வாகனங்களுக்கு முன் இந்நிலங்களில் பயன்பட்ட மாட்டு வண்டியின் சக்கரம் உயரமானது. பெரிய சக்கரம் பள்ளத்தில் எளிதில் இறங்குவதில்லை. கல்லின் மேல் சுலபமாக ஏறும். பின்னர் வந்த டிராக்டரின் பின்சக்கரங்களும் இதே அடிப்படையில் பெரியவை.

தோற்றம்

நெதர்லாந்தின் ஸ்பைக்கர் நிறுவனம் 1903இல் நான்கு சக்கரங்களாலும் இயங்கும் பெட்ரோல் கார் ஒன்றைக் காட்சிப்படுத்தியது. இருப்பினும் இவ்வகை ஊர்திகள் உலகெங்கும் பரவக் காரணம் இரண்டாம் உலகப் போரே. 1940இல் அமெரிக்க ராணுவம் எடை குறைந்த உளவு வண்டி ஒன்றைக் கோரியது. பாண்டம் நிறுவனம் முதல் மாதிரியை அதே ஆண்டு செப்டம்பரில் ஒப்படைத்தது. பின்னர் வில்லிஸ், ஃபோர்டு ஆகிய நிறுவனங்கள் போர் முடிவதற்குள் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைத் தயாரித்தன. வில்லிஸ் எம்.பி. வண்டியின் எஞ்சின் 60 குதிரைத்திறன் மட்டுமே கொண்டது. ஆனால் அதன் முன், பின் அச்சுகளுக்கு இடைப்பட்ட தொலைவு 80 அங்குலமே. எடை ஏறத்தாழ 1,100 கிலோ.

இதே 80 அங்குல அளவில் இங்கிலாந்தின் ரோவர் நிறுவனம் 1948இல் லேண்ட் ரோவரை வெளியிட்டது. போருக்குப் பின் எஃகு கிடைப்பது அரிதாக இருந்ததால் அதன் உடற்பகுதி அலுமினியக் கலவையால் செய்யப்பட்டது. ஜப்பானில் டொயோட்டாவின் பி.ஜே. வண்டி 1951இல் ஃபூஜி மலையின் ஆறாம் நிலை வரை ஏறியது. 1954 முதல் அது லேண்ட் குரூசர் என்ற பெயரைப் பெற்றது. சுசுகி 1970இல் 359 கன செ.மீ. எஞ்சினுடன் மிகச் சிறிய ஜிம்னியை வெளியிட்டது. சிறிய எஞ்சினும் குறைந்த எடையும் கொண்ட வண்டியும் கரடுமுரடான தரையில் செல்லும் என்பதை அது காட்டியது.

இந்தியாவில்

1945இல் தொடங்கப்பட்டு 1948இல் மஹிந்திரா அண்டு மஹிந்திரா எனப் பெயர் மாறிய நிறுவனம், வில்லிஸ் ஜீப்பின் பாகங்களை இறக்குமதி செய்து பம்பாயில் பொருத்தி விற்கத் தொடங்கியது. நாளடைவில் பாகங்கள் உள்நாட்டிலேயே தயாராயின. அரசுத் துறைகள், தோட்ட நிறுவனங்கள், காவல்துறை எனப் பல இடங்களிலும் ஜீப் வழக்கமான வாகனமாயிற்று. இதே மலைத்தொடரின் வடபுறம் உள்ள தேனி மாவட்டத்தில், போடி, கம்பம் பகுதிகளிலிருந்து ஏலத்தோட்டத் தொழிலாளர்கள் இடுக்கி மாவட்டத்துக்குச் சென்றுவர ஜீப்புகளே பெரிதும் பயன்பட்டுவருகின்றன.

1985இல் மாருதி ஜிப்சி அறிமுகமானது. சுசுகியின் வடிவமைப்பைக் கொண்ட இவ்வண்டி, ஏறத்தாழ ஒரு டன் எடையும் 210 மி.மீ. தரை இடைவெளியும் கொண்டது. ராணுவமும் காவல்துறையும் இதனைப் பெருமளவில் வாங்கின. மஹிந்திரா தார் 2010இல் வெளிவந்தது. அதன் இரண்டாம் தலைமுறை 2020இல் வந்தது. ஃபோர்ஸ் கூர்க்காவின் புதிய வடிவம் 2021இலும், ஐந்து கதவு ஜிம்னி 2023இலும் இந்தியச் சந்தைக்கு வந்தன.

இயங்கும் முறை

வண்டி திரும்பும்போது வெளிப்புறச் சக்கரம் உட்புறச் சக்கரத்தைவிட அதிகத் தொலைவு சுழல வேண்டும். இதற்காக அச்சின் நடுவில் டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கர அமைப்பு உள்ளது. ஒரு சக்கரம் பிடிமானம் இழந்தால் இவ்வமைப்பில் அச்சக்கரமே வீணாகச் சுழலும். தரையைப் பற்றியுள்ள மற்றதற்கு இழுக்கும் அளவு விசை கிடைக்காது. எனவே நான்கு சக்கர இயக்கம் இருந்தும், முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இரு சக்கரங்கள் அந்தரத்தில் நின்றால் வண்டி நகராது. டிஃபரன்ஷியலைப் பூட்டும் 'லாக்' வசதி, இரு சக்கரங்களையும் ஒரே வேகத்தில் சுழலச் செய்து இக்குறையைப் போக்குகிறது.

குறைந்த வேகக் கியர் தொகுதியும் இதேபோல் இன்றியமையாதது. இது சக்கரத்துக்குக் கிடைக்கும் இழுவிசையைப் பெருக்குகிறது. சரிவில் இறங்கும்போது எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்துவதால் பிரேக் சூடேறுவது குறைகிறது.

தரைக்கேற்ற ஒப்பீடு

பாறைத் தரை: இங்கு அச்சுகளின் இடைத்தொலைவு முக்கியம். அது கூடினால் வண்டியின் வயிற்றுப்பகுதி பாறையில் இடிக்கும். மூன்று கதவு தாரில் அது 2,450 மி.மீ.; ஐந்து கதவு ஜிம்னியில் 2,590 மி.மீ. மேட்டைத் தட்டாமல் கடக்கும் கோணம் தாருக்கு 27 பாகை, ஜிம்னிக்கு 24 பாகை. கூர்க்காவில் முன், பின் அச்சுகள் இரண்டிலும் லாக் உள்ளது. ஆகவே சக்கரம் அந்தரத்தில் தூக்கும் இடங்களில் அதன் கை ஓங்குகிறது.

மணல் ஓடை: இங்கு எடை குறைவே பலம். 1,200 கிலோ அளவிலான ஜிம்னியும் அதனினும் எடை குறைந்த பழைய ஜிப்சியும் எளிதில் புதைவதில்லை. ஏறத்தாழ 1,700 கிலோ கொண்ட தாரும் 2 டன் அளவிலான கூர்க்காவும் டயர்க் காற்றைக் குறைத்துச் செல்ல வேண்டியிருக்கும். காற்றுக் குறைந்த டயர் தட்டையாகி அதிகப் பரப்பில் எடையைத் தாங்குகிறது.

நனைந்த கரிசல்: இங்கு வண்டியைவிட டயரே முடிவு செய்கிறது. டயரின் வரிப்பள்ளங்களைக் களிமண் அடைத்துவிட்டால் நான்கு சக்கரங்களும் ஒருசேர வழுக்கும். இடைவெளி அகன்ற வரிப்பள்ளங்களைக் கொண்ட டயர், சுழலும்போது சேற்றை உதறுகிறது. சாலை டயர் பூட்டிய விலையுயர்ந்த வண்டி, சேற்று டயர் பூட்டிய பழைய ஜீப்புக்குப் பின்தங்குவது இதனால்தான்.

நீரோட்டம்

தார் 650 மி.மீ., கூர்க்கா 700 மி.மீ. ஆழ நீரைக் கடக்கும் என அவற்றின் நிறுவனங்கள் குறிப்பிடுகின்றன. இவ்வளவுகள் மலை ஓடையின் வெள்ளத்துக்குப் பொருந்தா. ஏறத்தாழ 60 செ.மீ. ஆழத்தில் வேகமாக ஓடும் நீரே பெரும்பாலான வாகனங்களை அடித்துச் செல்லக்கூடியது. சக்கரங்களை அழுத்தும் எடை மிதப்பால் குறைய, நீர் பக்கவாட்டில் தள்ளுகிறது. நான்கு சக்கர இயக்கம் இதற்கு எவ்வகையிலும் உதவாது. மலை உச்சியில் பெய்யும் மழை அடிவாரத்தில் தெரிவதில்லை என்பது இப்பகுதியின் கூடுதல் ஆபத்து. 2015 மே மாதம் சதுரகிரி மலைப் பாதையில் ஏற்பட்ட திடீர் வெள்ளத்தில் பக்தர்கள் சிலர் உயிரிழந்தனர்.

காடும் தடமும்

மலையடிவாரத்துக்கு மேலுள்ள காடு 1988இல் சாம்பல் நிற மலை அணில் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2021 பிப்ரவரியில் இது மேகமலை சரணாலயத்துடன் இணைந்து ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகமாயிற்று. இது தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகமாகும்.

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சரணாலயத்துக்குள் பொதுமக்கள் நுழைய வனத்துறையின் அனுமதி தேவை. இவ்விதிக்கு இங்கு தனிப்பட்ட பொருத்தம் உண்டு. சாம்பல் நிற மலை அணில் மரத்திலேயே கூடு கட்டி, கிளைக்குக் கிளை தாவி வாழ்வது. ஒரு ஜீப் செல்லும் அகலத்துக்கு மரங்களை வெட்டினால் கிளைகளின் தொடர்ச்சி அறுந்து, அணில் தரையில் இறங்க நேரிடும். சரிவில் சக்கரம் பதித்த தடம் அடுத்த மழையில் நீரோடும் வாய்க்காலாகி மண்ணை அரிக்கும். ராஜபாளையத்தின் குடிநீருக்குப் பயன்படும் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்துக்கு இம்மலையின் ஓடைகளே நீர் தருகின்றன.

சதுரகிரி சுந்தர மகாலிங்கம் கோவிலுக்குச் செல்வோர் தாணிப்பாறை அடிவாரத்தில் வாகனங்களை விட்டுவிட்டு நடந்தே ஏறுகின்றனர். ஓர் ஊர்தியின் ஏறும் திறன் எவ்வளவாயினும், இம்மலையில் வாகனத்தின் எல்லை அடிவாரமே.