நவஹோ உறைவிடப் பள்ளிகள்

அமெரிக்காவின் தென்மேற்கில் வாழும், தம்மைத் ‘தினே’ என்று அழைத்துக்கொள்ளும் நவஹோ மக்களின் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்துப் படிக்கவைத்த அரசு, சமயப் பள்ளிகள். அமெரிக்க அரசுடன் அவர்கள் செய்துகொண்ட 1868 உடன்படிக்கை 6 முதல் 16 வயது வரை கல்வியைக் கட்டாயமாக்கியது. 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்ற அரசின் வாக்கோ நெடுங்காலம் ஏட்டளவில் நின்றது. பள்ளியில் தலைமுடியை வெட்டினார்கள், ஆங்கிலப் பெயர் இட்டார்கள். தாய்மொழி பேசியதற்காகச் சோப்பால் வாய் கழுவப்பட்டவர் செஸ்டர் நெஸ். ‘செஸ்டர்’ என்பதே பள்ளி வைத்த பெயர்தான். 1942இல் அமெரிக்க மரைன் படை அதே நவஹோ மொழியில் போர்க்காலச் சங்கேதம் உருவாக்க அவரையும் சேர்த்துக்கொண்டது. விடுமுறைக்கு ஊர் திரும்பிய பிள்ளைகள் பலர் பாட்டியிடம் பேசச் சொல் தேடித் தடுமாறினர். நகரத்திலோ அவர்கள் என்றும் அயலார். 1966இல் அரிசோனாவின் ரஃப் ராக்கில் நவஹோ மக்களே நிர்வகித்த பள்ளி தொடங்கியது. அங்கே நவஹோ மொழியும் பாடமாயிற்று.