நீர்ப்பங்கும் மலைக்காவலும்: சுகோமாஜ்ரியின் படிப்பினை

சிவாலிக் குன்றுகளைக் காக்க அரசு முதலில் எடுத்த ஆயுதம் தடை. மொட்டையான சரிவுகளிலிருந்து ‘சோ’ எனப்படும் காட்டாறுகள் மணலை வாரிவந்து பஞ்சாபின் வயல்களில் கொட்டின. 1900-இல் வந்த பஞ்சாப் நிலப் பாதுகாப்புச் சட்டம் மரம் வெட்டுவதையும் கால்நடை மேய்ப்பதையும் கட்டுப்படுத்த அதிகாரம் தந்தது. முக்கால் நூற்றாண்டு கழிந்தும் அரிப்பு ஓயவில்லை. சண்டிகரில் 1958-இல் உருவான சுக்னா ஏரி இருபது ஆண்டு நிறையுமுன்பே வண்டலால் பெருமளவு தூர்ந்தது. மலையூர்களின் வறுமை நெடுநாளாக இருந்ததுதான். நகரத்து ஏரி தூர்ந்த பிறகே அது அதிகாரிகளின் கண்ணில் பட்டது.

வண்டலின் மூலத்தைத் தேடிய மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையத்தின் பி.ஆர். மிஸ்ரா சுகோமாஜ்ரி என்ற சிற்றூருக்கு வந்துசேர்ந்தார். வானம் பார்த்த சிறுநிலம் பொய்த்தால் ஆடே கதி என்று வாழ்ந்த ஊர் அது. 1976-இல் அங்கே முதல் மண்ணணை எழுந்தது. தேங்கிய நீர் அணைக்குக் கீழே நிலம் வைத்திருந்த சில குடும்பங்களுக்கு மட்டுமே பாய்ந்தது. மற்றவர்கள் தங்கள் ஆடுகளை ஏன் கட்டிப்போட வேண்டும்? இந்தக் கேள்விதான் திருப்பம். நிலம் உள்ளவர், இல்லாதவர் என்ற பேதமின்றி ஒவ்வொரு குடும்பத்துக்கும் நீரில் சமபங்கு என்று முடிவாயிற்று. நிலமற்றவர் தம் பங்கை விற்கலாம், அதைக் கொண்டு வாரத்துக்குப் பயிரிடலாம். அதன்பின் மலையை ஊரே காவல் காத்தது. கம்பி வேலி தேவைப்படவில்லை. கயிற்றுக்கும் காகித ஆலைக்கும் போகும் பாபர் புல்லை வனத்துறை முன்பு வெளியார்க்குக் குத்தகை விட்டுவந்தது; பின்னர் அக்குத்தகை ஊர்ச் சங்கத்தின் கைக்கு வந்தது. ஆடுகள் குறைந்து, தொழுவத்தில் தீனி தின்னும் எருமைகள் பெருகின. ஆக, மலையைத் தழைக்க வைத்தது அணை மட்டுமன்று, அணை நீரின் பங்கீடு.

ஏறக்குறைய எல்லாரும் குஜ்ஜர் என்ற ஒரே சமூகத்தினராக இருந்த சிற்றூரில் சமபங்கு எளிது என்று மறுப்பதுண்டு. ஆனால் மலை மொட்டையாக இருந்த காலத்திலும் அவர்கள் அதே குஜ்ஜர்கள்தாம். இடையில் மாறியது பங்கீடே. மேலும், 1972-இன் பஞ்சத்துக்குப் பின் மகாராஷ்டிரத்தின் புரந்தர் வட்டாரத்தில் விலாஸ்ராவ் சாளுங்கே தொடங்கிய பானி பஞ்சாயத்தும் நிலப்பரப்பைப் பாராமல் தலைக்கு அரை ஏக்கர் பாசன நீர் என்று வகுத்தது. நிலமற்றவர்க்கும் பங்கு வைத்தது. கரும்பைத் தடை செய்தது. அது ஓர் ஊரோடு நின்றுவிடவில்லை.

பின்னாளில் சுகோமாஜ்ரி தளர்ந்ததே என்பது வலுவான மறுப்பு. அணைகளில் வண்டல் சேர்ந்தது, புல் வருவாயில் வனத்துறையின் பங்கு குறித்துப் பூசல் எழுந்தது என்பவை உண்மை. நகரத்து வேலைகளும் இளைஞரை இழுத்தன. எல்லாவற்றையும் பங்கீட்டின் கணக்கில் எழுதிவிட முடியாது. ஆனாலும் வருவாய்க்கு உத்தரவாதம் குன்றியபோது காவலும் தளர்ந்ததென்றால், அது மேற்சொன்ன வாதத்துக்கு எதிரானதன்று. நாடளவிலோ இந்தப் படிப்பினை பாதியே எடுத்துக்கொள்ளப்பட்டது. அனுமந்த ராவ் தலைமையிலான குழுவின் அறிக்கையை அடுத்து 1994-இல் நடுவண் அரசு வெளியிட்ட நீர்ப்பிடிப்பு வழிகாட்டுதல்கள் ஊர்க்குழுக்களின் கையில் பணத்தையும் பணியையும் ஒப்படைத்தன. தடுப்பணைகள் நாடெங்கும் எழுந்தன. நிலமற்றவருக்கும் நீரில் உரிமை என்ற விதியோ பெரும்பாலான ஊர்களில் நடைமுறைக்கு வரவே இல்லை.