கண்ணாடிச் சிகிச்சை

கண்ணாடிச் சிகிச்சை என்பது கையையோ காலையோ இழந்தவர்கள் இல்லாத அவ்வுறுப்பில் உணரும் வலியை, முகம் பார்க்கும் சாதாரணக் கண்ணாடியின் துணையுடன் தணிக்கும் நரம்பியல் முறை ஆகும். சென்னையில் மருத்துவம் பயின்ற வி. எஸ். இராமச்சந்திரன் 1990களில் இதனை உருவாக்கினார். மூளை ஆய்வின் படைத்துறைப் பயன்பாடு என்றவுடன் உளவும் ஆயுதமுமே நினைவுக்கு வருகின்றன. காயமுற்ற படைவீரரின் வலியைத் தணிப்பதும் அதில் அடங்கும் என்பதற்கு இம்முறை ஓர் எடுத்துக்காட்டு.

மாய உறுப்பு

வெட்டி அகற்றப்பட்ட உறுப்பு இன்னும் இருப்பதாகவே தோன்றும் உணர்வு மாய உறுப்பு எனப்படுகிறது. இதனை 16ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சுப் படை அறுவை மருத்துவர் அம்புரோசு பாரே குறித்துள்ளார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் காயமுற்றவர்களுக்கு மருத்துவம் பார்த்த சைலாசு வெய்ர் மிட்செல் 1871இல் இதற்குப் பெயரிட்டார். இவ்விருவருமே போர்க்களத்தின் வழியாக இதனை அறிந்தவர்கள் என்பது கவனிக்கத்தக்கது. இல்லாத கையின் விரல்கள் இறுக மூடி, நகங்கள் உள்ளங்கையில் பதிவது போன்ற வலியைச் சிலர் உணர்வர். அக்கையை விரிக்க இயலாததே அவர்களின் துன்பம்.

செயல்முறை

கண்ணாடி, உடலின் நடுக்கோட்டில் செங்குத்தாக வைக்கப்படுகிறது. நலமாக உள்ள கையின் பிம்பம், இழந்த கை இருக்க வேண்டிய இடத்தில் தெரியும். நோயாளி இரு கைகளையும் ஒருசேர விரிப்பதாக எண்ணி, நலமான கையை விரிப்பார். இழந்த கையும் விரிவதைக் கண் காண்கிறது. பலருக்கு இறுக்கம் தளர்கிறது. இது மூளையில் எவ்வாறு நிகழ்கிறது என்பதில் ஆய்வாளரிடையே கருத்தொற்றுமை இல்லை.

உருவாக்கியவர்

இராமச்சந்திரன் 1951இல் தமிழ்நாட்டில் பிறந்தார். அரசியலமைப்பு வரைவுக் குழு உறுப்பினரான, மயிலாப்பூரில் வாழ்ந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் பேரன். இசுடான்லி மருத்துவக் கல்லூரியிலும் கேம்பிரிட்சிலும் பயின்று, கலிபோர்னியாவின் சான் டியேகோவில் பேராசிரியரானார். கண்ணாடி ஆய்வு 1996இல் விரிவாக வெளியானது. 2007இல் இந்திய அரசு அவருக்குப் பத்ம பூசண் விருது வழங்கியது.

படைவீரரிடையே

ஈராக், ஆப்கானித்தான் போர்களில் உறுப்பிழந்த அமெரிக்க வீரர்கள் வாசிங்டனில் இருந்த வால்ட்டர் ரீடு இராணுவ மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டனர். அங்குக் கடற்படை நரம்பியல் மருத்துவர் சாக் சாவோ குழுவினர் நடத்திய சோதனையின் முடிவு 2007இல் வெளியானது. காலிழந்த 18 பேர் இதனை நிறைவு செய்தனர். நான்கு வாரங்களில், கண்ணாடியைப் பயன்படுத்திய ஆறு பேருக்கும் வலி குறைந்தது. மூடிய கண்ணாடி தரப்பட்ட ஆறு பேரில் ஒருவருக்கும், மனத்தில் மட்டும் கற்பனை செய்த ஆறு பேரில் இருவருக்கும் வலி குறைந்தது. பின்னர்க் கண்ணாடிக்கு மாறிய ஒன்பது பேரில் எட்டுப் பேர் பயன்பெற்றனர். எண்ணிக்கை மிகச் சிறிது. எனவே இதனை முடிந்த முடிபாகக் கொள்ள இயலாது.

இதே காலத்தில், 2006இல், அமெரிக்கப் பாதுகாப்பு ஆய்வு முகமையான தார்ப்பா, செயற்கைக் கை உருவாக்கும் பெருந்திட்டம் ஒன்றைத் தொடங்கியது. இதில் மூளையில் மின்வாய் பொருத்தப்பட்ட பெண்ணொருவர் எண்ணத்தாலேயே இயந்திரக் கையை இயக்கினார். பின்னர் எப்-35 போர் விமானப் பாவனைக் கருவியையும் அவர் அவ்வாறே இயக்கியதாக 2015இல் முகமை தெரிவித்தது. மருத்துவத்திற்கெனத் தொடங்கியது போர்க்கருவியை நோக்கித் திரும்பக்கூடும் என்ற ஐயத்திற்கு இது இடமளிக்கிறது. கண்ணாடிக்கு அத்தகைய மறுபயன் ஏதுமில்லை. மின்சாரமும் அறுவையும் தேவையற்ற இம்முறை, கண்ணிவெடியால் காலிழந்தோர் மிகுந்த இலங்கையின் வடக்கு, கிழக்குப் பகுதிகள் போன்ற இடங்களுக்கும் ஏற்றது.