வியர்வைக்குப் பின் வந்த தாள்

சிலிம் ரிவர் என்றதும் வரலாற்று மாணவருக்கு நினைவில் எழுவது ஒரு போர். 1942ஆம் ஆண்டு சனவரி 7ஆம் நாள் விடியுமுன் சப்பானியர் பீரங்கி வண்டிகளுடன் துரோலாக், சிலிம் வழியே பாய்ந்துவந்து, இந்தியப் படைப்பிரிவு ஒன்றைச் சிதறடித்த நிகழ்ச்சி அது. பாடநூல்கள் அதனை மறவாமல் குறித்துள்ளன. ஆயின், இதே மண்ணில் ஒரு துப்பாக்கியும் வெடிக்காமல் தலைமுறை தலைமுறையாக நடந்துவந்த வேறொரு போராட்டம் உண்டு. அதன் சான்றுகள் அருங்காட்சியகத்தில் இல்லை. நம் பாட்டிமார்களின் தகரப்பெட்டிகளில், பழஞ்சேலையின் மடிப்புக்குள் இருக்கின்றன. அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், சேமிப்புப் புத்தகம் என்னும் தாள்களைப் பெறுவதற்கும் காப்பதற்கும் தோட்டத் தமிழர் பட்ட பாடே அந்த வரலாறு.

நம் முன்னோர் இந்நாட்டுக்கு வந்தபோது அவர்களிடம் தாள் கேட்டவர் எவருமிலர். கங்காணியின் பட்டியலில் பெயர் இருந்தால் போதுமானதாயிருந்தது. 1907இல் தோட்ட முதலாளிகளிடம் வரி திரட்டித் தமிழர் குடியேற்ற நிதி அமைக்கப்பட்டபின், நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியவர்களுக்குப் பயணச் செலவை அந்நிதி ஏற்றது. பினாங்கை அடைந்தவர்கள் ஜெரஜாக் தீவில் நோய்த்தடுப்புக் காவலில் இருந்து, பின் தோட்டங்களுக்குப் பிரித்தனுப்பப்பட்டனர். அக்கரையும் இக்கரையும் ஒரே முடியின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தமையால் தாம் அயலார் என்னும் எண்ணமே அவர்களுக்கு எழவில்லை. ஊரில் பஞ்சம் வந்தால் இங்கு வருவதும், இங்கு ரப்பர் விலை வீழ்ந்தால் அங்குச் செல்வதும் இயல்பாயிருந்தன. 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தைத் தடைசெய்தது. அதன்பின் வந்தவர் தொகை குறைந்தது. வந்தவர் பலர் தங்கிவிட்டனர். தங்கியவர்க்கு இது ஊராயிற்று. ஆனால் அதனை மெய்ப்பிக்கும் எழுத்து ஒன்றும் அவர்கள் கையில் இல்லை.

அதனையடுத்துப் போர் வந்தது. சப்பானியர் ஆட்சியில் தோட்டங்கள் காடாயின. பல்லாயிரம் தமிழர் சயாம்–பர்மா ரயில்பாதை அமைக்கக் கொண்டுசெல்லப்பட்டு மடிந்தனர். மடிந்தவர் பலருக்குப் பதிவில்லை. மீண்டவருக்கும் தாம் எந்தத் தோட்டத்தில் எத்தனை ஆண்டு இருந்தோம் என்று காட்டத் தாளில்லை. 'எத்தனை ஆண்டு வசித்தாய்?' என்னும் கேள்வியே பின்னாளில் குடியுரிமையின் திறவுகோலாக அமைந்தமையை எண்ணும்போதுதான் இவ்விழப்பின் ஆழம் விளங்கும்.

1948ஆம் ஆண்டில் இரண்டு செய்திகள் ஒருசேர நிகழ்ந்தன. பிப்ரவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த மலாயாக் கூட்டரசு ஒப்பந்தம் குடியுரிமைக்குக் கடுமையான நிபந்தனைகளை விதித்தது. வெளியில் பிறந்தவர் 20 ஆண்டுகளில் 15 ஆண்டுகளேனும் இங்கு வசித்திருத்தல் வேண்டும். மலாய்மொழியோ ஆங்கிலமோ அறிந்திருத்தல் வேண்டும். அதே ஆண்டு சூன் மாதத்தில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 12 வயது நிரம்பியோர் அனைவரும் நிழற்படமும் கைரேகையும் பதித்த அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும் என்னும் ஆணை அதனைத் தொடர்ந்தது. லயங்களைச் சுற்றி முள்வேலி எழும்பியது. வாயிலில் அட்டையைக் காட்டாமல் வெட்டுக்காட்டுக்குச் செல்ல இயலாது.

ஈண்டு ஒரு நுட்பத்தை மாணவர்கள் கருத்தில் கொள்ளல் வேண்டும். அந்த அட்டை, 'இவர் இன்னார்' என்று மட்டுமே கூறியது. 'இவர் இந்நாட்டுக் குடிமகன்' என்று கூறவில்லை. காவல் செய்வதற்காகப் பிறந்த தாள் அது. உரிமை வழங்குவதற்காகப் பிறந்ததன்று. எழுத்தறியாத தொழிலாளி இவ்வேறுபாட்டை எங்ஙனம் அறிவான்? 'அதுதான் அட்டை கொடுத்துவிட்டார்களே' என்று அமைதியடைந்தவர் எண்ணற்றோர். பிற்காலத்தில் குடிமக்களுக்கு நீல அட்டையும் நிரந்தர வசிப்பாளருக்குச் சிவப்பு அட்டையும் என்று நிறம் பிரிந்தபோதுதான் பலருக்கும் உண்மை புலப்பட்டது.

1957 ஆகஸ்டு 31ஆம் நாள் நாடு விடுதலை பெற்றது. அன்றும் அதன்பின்னும் இங்குப் பிறந்த குழந்தைகள் பிறப்பாலேயே குடிமக்களாயினர். 1962இல் இவ்விதி திருத்தப்பட்டு, பெற்றோருள் ஒருவரேனும் குடிமகனாகவோ நிரந்தர வசிப்பாளராகவோ இருத்தல் வேண்டும் என்றாயிற்று. விடுதலைக்கு முன் இங்குப் பிறந்த பெரியவர்கள், முந்திய ஏழாண்டில் ஐந்தாண்டு வசித்திருப்பின், மனுச்செய்து பதிந்துகொள்ளலாம். ஓராண்டுக்குள் மனுச்செய்தால் மலாய்மொழித் தேர்வும் வேண்டுவதில்லை. வெளியில் பிறந்தவர்க்கும் 12 ஆண்டில் எட்டாண்டு வசிப்பின்பேரில் வழி திறக்கப்பட்டது. கதவு அகலத் திறந்திருந்த காலம் அது.

அக்கதவினுள் ஏன் எல்லாரும் நுழையவில்லை? அறியாமை என்று ஒரே சொல்லில் கூறி ஒதுக்குவது நேர்மையாகாது. அலுவலகம் பட்டணத்தில் இருந்தது; போய்வரும் நாளுக்குப் பேர் விழாது, சம்பளமும் இராது. மனுவை நிரப்பக் கிராணியாரின் தயவு வேண்டும். லயத்தில் மருத்துவச்சி கையில் பிறந்த குழந்தைக்குப் பிறப்புப் பத்திரம் பெரும்பாலும் இல்லை. என்றேனும் ஊருக்குத் திரும்புவோம் என்னும் கனவும் உள்ளத்தின் ஓரத்தில் இருந்தது. ஆசிரியர்களும் தொழிற்சங்கத்தாரும் லயம் லயமாகச் சென்று மனு எழுதிக்கொடுத்த இடங்களில் மக்கள் நீல அட்டை பெற்றனர். எவரும் செல்லாத இடங்களில் விடுபட்டனர். ஒருவரது வாழ்வின் போக்கை, தோட்டத்திற்கு எழுத்தறிந்தவர் ஒருவர் வந்தாரா இல்லையா என்பதே தீர்மானித்தது.

என் குடும்பமே இதற்குச் சான்று. பாட்டனார் மனுச்செய்து குடிமகனானார். சிறுமியாய்க் கப்பலேறி வந்த பாட்டியார், 'வீட்டுக்கு ஒரு தாள் போதாதா?' என்று இருந்துவிட்டார். 1968இல் இயற்றப்பட்டு அடுத்த ஆண்டு செயலுக்கு வந்த வேலைக்கட்டுப்பாட்டுச் சட்டம், குடிமக்களல்லாதார் வேலை செய்ய பெர்மிட் பெறவேண்டும் என்றது. சிறுவயது முதல் வெட்டிய அதே மரத்தை வெட்டுவதற்குப் பாட்டியார் அனுமதி கேட்டு நிற்க நேர்ந்தது. அக்காலத்தில் பெர்மிட் கிடைக்காமலும் அஞ்சியும் பல்லாயிரவர் தமிழகம் திரும்பினர். பெற்ற பிள்ளைகள் இங்கும் பெற்றோர் அங்குமாகக் குடும்பங்கள் பிரிந்தன. பாட்டியார் தங்கினார், இறுதிவரை சிவப்பு அட்டையுடனேயே வாழ்ந்தார். தேர்தல் நாளன்று பாட்டனாருடன் வாக்குச்சாவடி வரை நடந்துசென்று, வெளியே மரத்தடியில் அமர்ந்திருந்த அவருடைய தோற்றம் இன்றும் என் கண்முன் நிற்கிறது.

இத்துயரம் நமக்கு மட்டும் உரியதன்று. இலங்கையில் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரைப் பெருந்திரளாக நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. மக்களை எண்ணிக்கையாக்கிப் பங்கு பிரித்த ஒப்பந்தம் அது. அங்கு மூடப்பட்ட கதவு இங்குத் திறந்தே இருந்தது என்பதை நன்றியுடன் ஒப்புக்கொள்ளல் வேண்டும். திறந்த கதவு கண்ணுக்குத் தெரியாமற் போனதே நம் துயரம்.

குடியுரிமைத் தாள் தனித்து நிற்பதன்று. ஏனைய தாள்களெல்லாம் அதனைப் பற்றியே படரும் கொடிகள். 1951இல் தோன்றிய ஊழியர் சேமநிதி, தொழிலாளியின் முதுமைக்குச் சிறுசேமிப்பைத் தந்தது. அஞ்சலகச் சேமிப்பு வங்கி பெருவிரல் ரேகையையும் ஏற்றுப் பணத்தைக் காத்தது. அதுவே 1974இல் தேசியச் சேமிப்பு வங்கியாயிற்று. ஆயின், பணம் எடுக்கச் செல்லும்போது பெயர் ஒத்திருத்தல் வேண்டுமல்லவா? பாட்டியாரின் பெயர் அட்டையில் ஒருவிதமாகவும் சேமிப்புப் புத்தகத்தில் வேறுவிதமாகவும் எழுதப்பட்டிருந்தது. இரண்டையும் எழுதியவர்கள் அவருடைய வாய்ச்சொல்லைக் கேட்டுத் தத்தம் காதுக்கேற்ப எழுதியவர்களே. ஓர் எழுத்தின் பொருட்டு அவர் சத்தியப் பிரமாணம் செய்ய நேர்ந்தது. தம் பெயர் தம்முடையதுதான் என்று!

தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும், மக்கள் பட்டணங்களுக்குப் பெயர்ந்தபோது தாளின் தேவை மேலும் பெருகியது. லயத்தில் வாழ்ந்தவனுக்குத் தண்டல் முகமறிவார். பட்டணத்தில் அட்டையே முகம். அட்டையில்லாத இளைஞனுக்கு வங்கிக் கணக்கில்லை, வாகன உரிமமில்லை. என்னிடம் பயின்ற மாணவன் ஒருவன் லாரியின் ஒவ்வோர் உறுப்பையும் பிரித்துப் பூட்ட வல்லவன். ஆனால் பெற்றோர் திருமணமும் அவன் பிறப்பும் பதிவாகாமையால் ஓட்டுநர் இருக்கையில் அமர இயலாமல், பல ஆண்டுகள் மூட்டை சுமப்பவனாகவே அந்த லாரியில் சென்றான். 2011இல் இந்தியச் சமூகத்தாரின் ஆவணச் சிக்கல்களைத் தீர்ப்பதற்காக 'மைடஃப்தார்' என்னும் பதிவு இயக்கம் நடத்தப்பட வேண்டியிருந்தமையே, விடுதலைக்கு அரை நூற்றாண்டு கடந்தும் இக்குறை தீரவில்லை என்பதைக் காட்டும்.

அம்மாணவனுக்கு முதற்சான்றாக அமைந்தது எது தெரியுமா? பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேடு. கறையான் தின்றது போக எஞ்சிய ஒரு பக்கத்தில், அவன் தந்தையார் முதலாம் வகுப்பில் சேர்ந்த நாளும், தோட்டத்தின் பெயரும், லயத்து எண்ணும் மறைந்துபோன ஆசிரியர் ஒருவரின் முத்துமுத்தான கையெழுத்தில் இருந்தன. அதன் மெய்ப்படியை இணைத்து மனுவை எழுதினோம். ஆண்டுகள் சில கழிந்து நீல அட்டை வந்தது. அவன் உரிமம் பெற்று ஓட்டிவந்த முதல் லாரி பள்ளி வாயிலில் நின்றபோது, அந்த முன்னோடி ஆசிரியரை உள்ளத்தால் வணங்கினேன்.

ஆசிரியப் பெருமக்களே! பதிவேட்டில் ஒரு பெயரைத் திருத்தமாக எழுதுவது எழுத்தர் வேலையன்று. ஒரு வாழ்வுக்கு அடிக்கல் நாட்டும் வேலை. மாணவச் செல்வங்களே! இன்று வீட்டுக்குச் சென்றதும் தாத்தா பாட்டியரின் தகரப்பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். எந்த ஊரில் பிறந்தார்கள், எந்தத் தோட்டத்தில் வாழ்ந்தார்கள், எந்த ஆண்டு எந்த அட்டை பெற்றார்கள் என்று கேட்டுக் குறிப்பேட்டில் எழுதுங்கள். நம் முன்னோர் சிந்திய வியர்வை இம்மண்ணில் உலர்ந்துவிட்டது. அதற்குச் சான்றான தாள்களேனும் உலர்ந்து உதிராமல் காப்பது நம் கடன்.