எண்மச் சிற்பப் பயிற்சிக் காணொளிகளின் வரலாறு

எண்மச் சிற்பப் பயிற்சிக் காணொளி என்பது, கணினியில் முப்பரிமாண உருவங்களைச் செதுக்கும் மென்பொருள்களைத் திரைப்பதிவின் வழியாகக் கற்பிக்கும் காணொளி ஆகும். பயிற்றுநர் தம் திரையில் ஓர் உருவத்தைப் படிப்படியாக உருவாக்குவார். திரையில் நிகழும் மாற்றங்களும் அவர் கூறும் விளக்கமும் ஒருசேரப் பதிவாகும். இசட்பிரஷ், மட்பாக்ஸ், பிளெண்டர் போன்ற மென்பொருள்களைப் பள்ளி, கல்லூரி எதிலும் சேராமல் கற்றுக்கொண்ட பலருக்கு இக்காணொளிகளே ஆசிரியர். ஒரு கைவினையைத் தொலைவிலிருந்து கற்பிக்க முடியுமா என்ற பழைய கேள்விக்கு, இவற்றின் வரலாறு ஓரளவு விடை தருகிறது.

பின்னணி

தொடக்கக் காலத்தில் முப்பரிமாண உருவங்கள் புள்ளிகளையும் கோடுகளையும் ஒவ்வொன்றாக நகர்த்தி உருவாக்கப்பட்டன. எந்தப் பட்டியலைத் திறப்பது, எந்த எண்ணை இடுவது என்பதே அங்குப் பெரும்பகுதிப் பாடம். அதைப் புத்தகத்தில் எழுதிவிடலாம்.

களிமண்ணைப் பிசைவதுபோல் கணினியில் வேலை செய்யும் முறை 1990களின் இறுதியில் உருப்பெற்றது. அமெரிக்காவின் சென்ஸ்ஏபிள் நிறுவனம் 1999இல் ஃப்ரீஃபார்ம் என்னும் மென்பொருளை வெளியிட்டது. தாமஸ் மாஸியும் கென்னத் சாலிஸ்பரியும் உருவாக்கிய ஃபேன்டம் என்னும் தொடுஉணர் கருவியுடன் இது இயங்கியது. திரையிலுள்ள பொருளைத் தொடும்போது அதன் எதிர்விசையைக் கையால் உணர முடிந்தது. அதே 1999இல் நடந்த சிக்ராஃப் மாநாட்டில், ஓஃபர் ஆலோனும் ஜாக் ரிமோக்கும் தொடங்கிய பிக்சாலஜிக் நிறுவனம் இசட்பிரஷை அறிமுகப்படுத்தியது. தொடக்கத்தில் இது ஆழத்தையும் சேமிக்கும் ஓவியக் கருவியாகவே இருந்தது. பிந்தைய பதிப்புகளில் சிற்ப வேலையே அதன் முதன்மைப் பணியாயிற்று. சிறப்புக் கருவி ஏதும் இன்றி, அழுத்தத்தை உணரும் சாதாரண வரைபலகையும் பேனாவும் இதற்குப் போதுமானவையாக இருந்தன.

நியூசிலாந்தின் வெட்டா டிஜிட்டல் நிறுவனத்தில் பணியாற்றிய கலைஞர்கள் மட்பாக்ஸை உருவாக்கினர். 2005இல் வெளியான கிங் காங் திரைப்படப் பணிகளில் அது பயன்பட்டது.

இந்த வரலாற்றில் 2007 ஒரு திருப்புமுனை ஆண்டு. அவ்வாண்டில் இசட்பிரஷின் 3ஆம் பதிப்பு வெளியாயிற்று. மட்பாக்ஸை ஆட்டோடெஸ்க் நிறுவனம் வாங்கியது. கட்டற்ற மென்பொருளான பிளெண்டரின் 2.43 பதிப்பில், நிக்கலஸ் பிஷப் என்னும் மாணவர் முந்தைய ஆண்டில் கூகுளின் கோடைக்காலத் திட்டத்தின்கீழ் எழுதிய சிற்பப் பகுதி இடம்பெற்றது. அதுவரை திரைப்பட நிறுவனங்களைச் சார்ந்திருந்த ஒரு வேலை, வீட்டுக் கணினிக்கு விலையின்றி வந்துசேர்ந்தது. கற்பிக்க ஆசிரியர்தான் அருகில் இல்லை.

காணொளி தேவைப்பட்டதன் காரணம்

எண்மச் சிற்பத்தில் கட்டளைகள் மிகக் குறைவு. களிமண் தூரிகை, நகர்த்தும் தூரிகை, மழமழப்பாக்கும் தூரிகை முதலிய சிலவற்றைக் கொண்டே பெரும்பாலான வேலை முடிந்துவிடும். இசட்பிரஷில் ஆல்ட் விசையை அழுத்தினால் மேடாக்கும் தூரிகை பள்ளமாக்கும். பிளெண்டரில் அதே வேலையைக் கண்ட்ரோல் விசை செய்யும். இரண்டிலும் ஷிஃப்ட் விசை மழமழப்பாக்கும். இவ்வளவையும் ஒரே பக்கத்தில் அச்சிட்டுக் கொடுத்துவிடலாம். அந்தப் பக்கத்தை மனப்பாடம் செய்தவரால் ஒரு மூக்கைக்கூடச் செதுக்க முடியாது.

கற்க வேண்டியது கையின் நடையை. எந்தக் கட்டத்தில் தூரிகையைப் பெரிதாக்குவது, எத்தனை முறை உருவத்தைத் திருப்பிப் பார்ப்பது, பெரிய வடிவம் சரியாகும் வரை கண்ணிமை போன்ற நுட்பங்களை எப்படித் தள்ளிப்போடுவது, எங்கே நிறுத்துவது ஆகியவை அதில் அடங்கும். இவற்றைப் பார்த்தே அறிய முடியும். நூல் எழுதியவர்களும் இதை உணர்ந்திருந்தனர். இசட்பிரஷ் குறித்து ஸ்காட் ஸ்பென்சர் 2008இல் வெளியிட்ட நூலுடன் செய்முறைக் காணொளிகள் கொண்ட ஒளிவட்டும் இணைக்கப்பட்டிருந்தது.

ஒளிவட்டுக் காலம்

அமெரிக்காவில் அலெக்ஸ் அல்வாரெஸ் 2000ஆம் ஆண்டில் நோமன் வொர்க்‌ஷாப் நிறுவனத்தைத் தொடங்கினார். திரைப்படத் துறையில் பணிபுரியும் கலைஞர்களே தம் வேலையைச் செய்துகாட்டிப் பேசுவது அதன் பாடமுறை. அப்பாடங்கள் ஒளிவட்டுகளாக விற்கப்பட்டன. ஒக்லகோமா நகரில் பியூஷ் படேல் நடத்திய டிஜிட்டல்-டியூட்டர்ஸ் நிறுவனமும் இவ்வழியில் வளர்ந்தது. திரையைப் பதிவுசெய்யும் காம்டேசியா மென்பொருள் 2002இல் வந்தது. இவ்வகைப் பதிவுகளுக்கு ஸ்கிரீன்காஸ்ட் என்னும் பெயரை இதழாளர் ஜான் உடெல் 2004இல் தம் வாசகர்களிடம் கேட்டுத் தேர்ந்தெடுத்தார்.

பிளெண்டர் அறக்கட்டளையும் ஒளிவட்டுகளை வெளியிட்டது. 2006இல் வந்த எலிஃபண்ட்ஸ் ட்ரீம் குறும்படத்தின் செலவில் ஒரு பகுதி, ஒளிவட்டுக்கு முன்பதிவு செய்தவர்களிடமிருந்து கிடைத்தது. படத்தை உருவாக்கிய மூலக்கோப்புகளும் அவ்வட்டில் தரப்பட்டன.

ஒளிவட்டுப் பாடங்கள் தரமானவை. ஆனால் அவற்றின் விலை டாலரில் இருந்தது. வெளிநாட்டிலிருந்து அஞ்சலில் வரவேண்டியும் இருந்தது. எனவே வசதி குறைந்த நாடுகளின் மாணவர்களை அவை எளிதில் எட்டவில்லை.

இணையக் காலம்

2005இல் தொடங்கிய யூடியூப் இந்நிலையை மாற்றியது. 2006 முதல் ஒரு காணொளிக்குப் பத்து நிமிட வரம்பு இருந்தது. எனவே ஒரு தலையைச் செதுக்கும் பாடம் பகுதி 1, பகுதி 2 எனப் பல துண்டுகளாக வெட்டப்பட்டது. படமும் தெளிவற்றிருந்ததால் பட்டியலிலுள்ள எழுத்துகளைப் படிப்பது கடினமாக இருந்தது. 2008 இறுதியில் உயர்தெளிவுக் காணொளி வந்தபின் எழுத்துகள் தெளிந்தன. 2010இல் நேர வரம்பு பதினைந்து நிமிடமாக உயர்ந்து, அவ்வாண்டு இறுதியில் நற்பெயர் கொண்ட கணக்குகளுக்கு முற்றிலும் நீக்கப்பட்டது. முழுப் பாடத்தையும் இடைவெட்டின்றிக் காட்ட அப்போதுதான் வழி பிறந்தது.

மென்பொருள் நிறுவனங்களும் இலவசப் பாடங்களை வெளியிட்டன. இசட்பிரஷின் திரை அமைப்பு பிற மென்பொருள்களிலிருந்து பெரிதும் வேறுபட்டது. புதியவர்கள் திகைத்து விலகும் வாய்ப்பு மிகுதி. பிக்சாலஜிக் தன் இசட்கிளாஸ்ரூம் பக்கத்தில் காணொளிகளை விலையின்றி வழங்கியது. மறுபுறம், சந்தா செலுத்திக் கற்கும் தளங்களும் வளர்ந்தன. 2014இல் புளூரல்சைட் நிறுவனம் டிஜிட்டல்-டியூட்டர்ஸை 4.5 கோடி டாலருக்கு வாங்கியது, இத்துறை பெருந்தொழிலாக வளர்ந்துவிட்டதைக் காட்டியது.

இக்காலத்தில் இருவகைக் காணொளிகள் பிரிந்தன. ஒன்று, பல மணி நேர வேலையைச் சில நிமிடங்களில் ஓட்டிக் காட்டுவது. இது கண்ணுக்கு விருந்து. கற்பதற்குச் சிறிதளவே உதவும். மற்றொன்று, இயல்பான வேகத்தில் ஒவ்வொரு முடிவுக்கும் காரணம் சொல்வது. பாடம் என்று சொல்லத்தக்கது இதுவே.

தயாரிக்கும் முறை

நல்ல பாடம் பதிவுக்கு முன்பே தொடங்குகிறது. பயிற்றுநர் ஒரே ஓர் இலக்கைத் தேர்ந்து, அதை முன்னதாக ஒருமுறை செய்துபார்ப்பார். திரையைப் பதிய, 2012இல் வெளிவந்த கட்டற்ற மென்பொருளான ஓபிஎஸ் பரவலாகப் பயன்படுகிறது. கைப்பேசியில் பார்ப்பவருக்கும் தெரியும்படி மென்பொருளின் எழுத்தளவு கூட்டப்படும். ஒலி தெளிவாக இருப்பது படத்தின் அழகைவிட முக்கியம்.

திரைப்பதிவில் ஒரு குறை உண்டு. பயிற்றுநரின் கை அதில் தெரியாது. அழுத்திய விசைகளைத் திரையின் ஓரத்தில் காட்டும் துணைநிரல்கள் இதனால் தோன்றின. சிலர் கையைத் தனிக் கேமராவில் பிடித்து மூலையில் காட்டுகின்றனர். பேனாவின் அழுத்தம் அதிலும் தெரியாது. அதனை வாயால் சொல்லியே ஆகவேண்டும்.

தவறுகளை வெட்டி நீக்குவதா, விடுவதா என்பதில் இரு கருத்துகள் உள்ளன. தடுமாற்றங்களை நீக்கினால் பாடம் சுருங்கும். ஆனால் காது தவறான இடத்தில் அமைந்துவிட்டதை எப்படிக் கண்டுபிடித்தார், எப்படிச் சரிசெய்தார் என்பதே மாணவருக்கு மிகவும் தேவைப்படும் பகுதி.

பழையதாகும் பாடங்கள்

மென்பொருள் மாறும்போது பாடமும் பழையதாகிறது. 2011க்கு முன் இசட்பிரஷில் வேலை தொடங்க, முதலில் பொருத்தமான அடிப்படை உருவம் ஒன்றைக் கட்ட வேண்டியிருந்தது. அதைக் கற்பிக்கவே நீண்ட காணொளிகள் இருந்தன. அவ்வாண்டு அறிமுகமான டைனமெஷ் வசதியால் ஓர் உருண்டையிலிருந்தே நேராகச் செதுக்க முடிந்தது. பழைய பாடங்கள் பல தேவையற்றுப் போயின.

பிளெண்டரில் இம்மாற்றம் இன்னும் கூர்மையானது. 2019இல் வந்த 2.8 பதிப்பு, வலது சொடுக்கால் தேர்ந்தெடுக்கும் நெடுநாள் வழக்கத்தை இடது சொடுக்குக்கு மாற்றியது. 2024இன் 4.3 பதிப்பில் தூரிகைகள் இடப்புறப் பட்டையிலிருந்து திரையின் அடியிலுள்ள தட்டுக்கு இடம்பெயர்ந்தன. காணொளியில் உள்ள பொத்தான் தன் திரையில் இல்லாதபோது, பதிப்பு வேறு என்பதை அறியாத மாணவர் தன்னையே குறை சொல்லிக்கொண்டு விலகிவிடக்கூடும். தலைப்பிலேயே பதிப்பு எண்ணைக் குறிப்பிடுவது இதற்கு எளிய மருந்து.

அதேவேளையில், மண்டையோட்டின் அமைப்பு, கழுத்துத் தசைகளின் போக்கு, பெரிய வடிவத்திலிருந்து சிறியதற்குச் செல்லும் வரிசை ஆகியவற்றைச் சொன்ன பழைய காணொளிகள் இன்றும் பயன் தருகின்றன. பொத்தானைக் கற்பித்த பாடங்களே விரைவில் பழையவையாயின.

மொழி

இப்பாடங்களில் பெரும்பகுதி ஆங்கிலத்தில் உள்ளது. இந்தியாவில் மும்பை ஐஐடியின் பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா வழிநடத்திய ஸ்போக்கன் டுடோரியல் திட்டம் இதற்கு ஒரு வழி காட்டியது. கட்டற்ற மென்பொருள்களுக்கான குறும்பாடங்களைத் தயாரித்து, காட்சியை மாற்றாமல் குரலை மட்டும் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் ஏற்றுவது அதன் முறை. பிளெண்டரின் அடிப்படைகளும் அத்திட்டத்தின் பாடவரிசையில் உண்டு. திரையின் ஒரு பாதியில் பாடமும் மறுபாதியில் மென்பொருளும் இருக்க, பார்த்துக்கொண்டே செய்யுமாறு அது மாணவரைப் பழக்குகிறது.

மதிப்பீடு

காணொளி ஆசிரியரை நிறுத்தலாம், பின்னோக்கி ஓட்டலாம், நூறு முறை கேட்கலாம், அவர் சலிப்பதில்லை. ஆனால் அவர் மாணவரின் வேலையைப் பார்ப்பதில்லை. கண்கள் இரண்டும் மிக மேலே ஏறிவிட்டன என்று சொல்ல அவரால் இயலாது. காணொளியோடு சேர்ந்து ஒரு தலையைச் செவ்வனே முடித்த மாணவர், தனியே அமர்ந்தால் தொடங்க முடியாமல் திகைப்பது இதனால்தான். ஒருமுறை பார்த்தபின் காணொளியை மூடிவிட்டு நினைவிலிருந்து செய்வதும், வேறொரு முகத்தின் நிழற்படத்தை வைத்து அதே முறையில் செதுக்குவதும், முடித்ததை அறிந்தவர் ஒருவரிடம் காட்டுவதும் இக்குறையை ஈடுசெய்யும். பட்டறையில் குருவின் அருகே அமர்ந்து பார்க்கும் வாய்ப்பை இக்காணொளிகள் தொலைவில் இருப்போருக்கும் அளித்தன. செய்ததைத் திருத்தும் பொறுப்பு மட்டும் இன்னும் மனிதரிடமே உள்ளது.